கன்றுகளுக்குப் பொங்கல் வைத்தவன்

பொய் சொல்லி யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம், மாட்டை மட்டும் முடியாது. "ஊர்ல எங்க வீட்ல பத்து மாடு சார்" என்று ஏஜென்டிடம் அளந்துவிட்டேன். (எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பழைய மொபெட்.) அதை நம்பி, ஷார்ஜாவுக்கு வெளியே இறைச்சிக்காகக் கன்று வளர்க்கும் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே எனக்கு சீனியர் ரஃபீக் பாய், பாகிஸ்தான்காரர். இரண்டு வேளையும் காய்ந்த புல் கட்டுகளைப் பிரித்து, உதறி, தொட்டியில் போடுவது என் டியூட்டி. தங்கை கல்யாணத்துக்காக அவர் மறுவாரம் ஊருக்குப் போக லீவ் வாங்கியிருந்தார். ஒரு நாள் காலை புதுத்துணி எடுக்க துபாயில் சத்வா கடைத்தெருவுக்குக் கிளம்பியவர், "சிர்ஃப் காஸ், பாய்" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார். புல் மட்டும் போடு என்று அர்த்தம்.

அன்று மாட்டுப் பொங்கல். இந்த நாளிலுமா வெறும் புல்? மனசு கேட்கவில்லை. மெஸ் அண்டாவில் அரிசியும் வெல்லமும் முந்திரியும் போட்டுப் பொங்கி, ஒவ்வொரு கன்றுக்கும் குங்குமம் வைத்து, புல்லுக்குப் பதில் பொங்கலைத் தொட்டி நிறையக் கொட்டினேன். ஊரில் ஒரு உருண்டைதான் ஊட்டுவார்கள் என்பது மாடு வளர்த்தவனுக்குத் தெரியும். மொபெட் வளர்த்தவனுக்கு எப்படித் தெரியும்? கன்றுகள் நக்கி நக்கித் தின்றதை வீடியோ எடுத்து மனைவிக்கும் அனுப்பினேன்.

மத்தியானத்துக்குள் நான்கு கன்றுகளுக்கு வயிறு மத்தளமாக உப்பிவிட்டது. நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் முனகின. நான் போனில் அழுததைக் கேட்டு ரஃபீக் பாய் பாதி வழியில் திரும்பினார். மாட்டு டாக்டர் வந்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் காற்றை இறக்கினார். நல்லவேளை, எல்லாம் பிழைத்தன. அதற்குள் அர்பாப், அதாவது முதலாளி, வந்துவிட்டார். குங்குமத்தைப் பார்த்து ரத்தம் என்று அலறியவர், அடுத்துத் தொட்டியில் ஒட்டியிருந்த முந்திரியைப் பார்த்தார்.

"யார் செஞ்சது?" என்று இந்தியில் கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரஃபீக் பாய் முந்திக்கொண்டார். "என் தப்புதான், அர்பாப்."

"உனக்கு லீவ் மாஃபி. கலாஸ்!" லீவ் கிடையாது, பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குங்குமக் கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு நின்றேன், வெட்கங்கெட்டவன். "நீன்னு தெரிஞ்சிருந்தா உன் விசாவையே கேன்சல் பண்ணியிருப்பான். போகட்டும் விடு" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். தங்கை கல்யாணத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தார்.

இப்போது அவரும் ஊரோடு போய்விட்டார், நானும் ஊர் திரும்பிவிட்டேன். ஆனாலும் பொங்கல் தவறாமல் வீடியோ காலில் வந்து என் மனைவியிடம் இந்தியில், "பாபி, உங்க வீட்டுக்காரருக்கு மொதல்ல ஒரு கட்டு புல் போடுங்க" என்பார். நான் அதை மனைவிக்கு மொழிபெயர்ப்பதற்குள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

போன பொங்கலுக்கு அவர் பக்கத்தில் ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "அந்தப் பொங்கல் அண்ணன் இவர்தானா?" என்று கேட்டுச் சிரித்தார். அவருடைய தங்கை. அன்றைக்கு எனக்கு ஒரு வாய் பொங்கல்கூட இறங்கவில்லை.