இரும்பு வண்டியும் வடக்கயிறு அண்ணாச்சியும்

எங்கள் கரிசல்காட்டில் ஒரு பட்டாளத்தையே தனியாளாக நின்று ஆயுதத்தை இறக்கவைத்தவர் வடக்கயிறு அண்ணாச்சி ஒருவர்தான். வந்தது பட்டாளமில்லை, போலீஸ். ஆனால் வந்த கோலத்தைப் பார்த்த யாரும் அதை நம்பமாட்டார்கள்.

அண்ணாச்சி புதூர்ப் பக்கம் டிராக்டர் வைத்திருக்கிறார். மழைக்குக் கரிசலில் புதைந்த வண்டிகளை இழுக்க ஒரு தடித்த வடக்கயிறு எந்நேரமும் அவர் தோளில் கிடக்கும். கல்யாணப் பந்திக்கும் அதோடுதான் வருவார். சேற்று நாற்றத்துக்குப் பயந்து பக்கத்து இலையில் ஒருவரும் உட்காரமாட்டார்கள்.

போன ஐப்பசியில் ஒரு சோலார் கம்பெனி ஊர் ஓடையை மறித்து வேலி போட்டது. கண்மாய்க்குத் தண்ணீர் வராதே என்று பெண்கள் வேலிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது தூக்குவாளி. அதை எதிர்க்கப் போலீசுக்கு ராணுவப் புள்ளிச் சட்டை, ஹெல்மெட், கேடயம், நீளத் துப்பாக்கி, கம்பி வலை போட்ட இரும்பு வண்டி! என் வீட்டில் திருடு போனபோது ஜீப்புக்கு டீசல் இல்லை என்றவர்கள் இவர்கள்.

ஆறு பெண்களை இழுத்து வண்டிக்குள் அடைத்தார்கள். அதில் அண்ணாச்சியின் மனைவியும் ஒருத்தி. திருப்புகிறேன் என்று டிரைவர் வண்டியை ஈரக் கரிசலில் இறக்கினார். எங்கள் ஊர் ஆடுகூட அன்றைக்கு அதில் கால்வைக்காது. வண்டி அச்சுவரை புதைந்தது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"வெயிட்டு சாஸ்தி சார். கேடயத்த எறக்குங்க."

இறக்கினார்கள்.

"ஹெல்மெட்டு, துப்பாக்கியையும் ரோட்டுல வச்சிருங்க."

வைத்தார்கள்.

"உள்ள ஆறு பொம்பளையாளுவ இருக்காவ. அவியள எறக்குனாத்தான் கயிறு கட்டுவேன்."

இன்ஸ்பெக்டர் பாய்ந்தார். "வெளையாடுதியா? உன்னையும் உள்ள தூக்கி வச்சிருவேன்!"

"வைங்க சார். வெயிட்டு இன்னும் கூடும்."

வலைக்குள்ளிருந்து அவர் மனைவி கத்தினாள்: "ஏங்க, கயித்தக் கட்டிராதீய!"

மேற்கே இடி இடித்தது. இன்னொரு மழை பெய்தால் வண்டி கார்த்திகைவரை அங்கேதான். இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். பெண்கள் வீடுபோய்ச் சேர்ந்த பிறகே அண்ணாச்சி கயிற்றைக் கட்டினார். சொன்ன சொல் மாறாமல் இழுத்தும் விட்டார்.

வண்டி ரோடு ஏறியதும் ஹெல்மெட்டை மாட்டி, கேடயத்தையும் எடுத்துக்கொண்டு நாலு பேர் அவரை அடித்தார்கள். அரசுப் பணியைத் தடுத்தார் என்று வழக்கு வேறு. சேறு அப்பிய ஒற்றை மனிதனை அடிக்க எதற்கையா கேடயம்? வேலியும் அப்படியே நிற்கிறது.

அந்த அடியில் வலது தோள் இறங்கிப்போனதால் இப்போது கயிறு இடது தோளுக்கு மாறிவிட்டது. போன வாரம் ஒரு கல்யாணத்தில் பந்திக்கு வந்தார். பக்கத்து இலையில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.