காற்றை மூடினால் ஏறும் எண்

காற்றுக் குழாயை மூடினால் எண் ஏறியது. திறந்தால் இறங்கியது. இருபது வருட உத்தியோகத்தில் நேர்கோடு இப்படி ஓர் அக்கிரமத்தைப் பார்த்ததில்லை.

நேர்கோடு என்பது தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். மேஜைமேல் ஒரு பேனா கோணலாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஈஸ்ட் வளர்க்கும் எஃகுத் தொட்டி ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அடியிலிருந்து காற்று குமிழிவிட்டு ஏறும். நடுவில் கலக்கி சுழலும். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று உள்ளே தொங்கும் உணர்கம்பி கண்டுபிடித்து, சுவரிலுள்ள திரையில் எண்ணாகக் காட்டும்.

காற்றை மூடினால், ஈஸ்ட் இருந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு எண் இறங்க வேண்டும். மறுபடி திறந்தால் ஏற வேண்டும். அது ஏறுகிற வேகத்தைத்தான் அளந்து தர வேண்டும். மூன்று மணிக்குள் தந்துவிட்டால் புதிய பிரிவுக்கு அவர்தான் தலைவர் என்று மேலாளர் சொல்லியிருந்தார். தராவிட்டால் யார் என்பதையும் மறைக்கவில்லை.

"அடுத்த ரூம்ல உங்க வீட்டம்மா இருக்காங்களே, அவங்களுக்கு என்ன குறைச்சல்?"

அதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாம் தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. அங்கே வளர்வது காற்று அதிகம் ஒத்துக்கொள்ளாத வேறொரு கிருமி; எண் தாழ்ந்தே இருக்க வேண்டும். இருவருக்கும் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் சின்னதுதான். ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரியைப் பார்த்து நேர்கோட்டுக்குக் கை பரபரத்தது. டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி, மனைவி கையால் எழுதி ஒட்டியிருந்த சீட்டுகளைக் கிழித்துவிட்டு, அச்சடித்த சீட்டுகளை ஒட்டினார். மாலையில் வந்த மைத்துனர், மூன்று கரண்டி உப்புப் போட்ட தேநீரை மரியாதைக்காக முழுதும் குடித்துவிட்டு, உடனே வீட்டுக்குப் போனார். "நீங்க தொட்டது எதுவும் துலங்காது" என்று மனைவி சொன்னாள். அவருக்கு அது பொறுக்கவில்லை. அன்றோடு சரி.

இப்போது இருவருக்கும் தூது, தரை துடைக்கும் அக்கா. சாப்பாட்டு டப்பா, வீட்டுச் சாவி, மின்கட்டணம் எல்லாம் அக்கா வாய்வழியாகத்தான் போய் வந்தன.

இன்று மேலாளர் வருவாரே என்று நேர்கோடு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியிருந்தார். குழாய்களைத் துடைத்தார். நடைக்கூடத்துப் பெட்டியில் கொடி போலப் பின்னிக் கிடந்த, இரு அறைத் திரைகளுக்கும் போகும் ஒயர்களைக் கழற்றி, நீட்டி, அழகாகக் கட்டி மாட்டினார். அவ்வளவு செய்தும் எண் இப்படி அழும்பு பண்ணுகிறது.

காலையில் அறுபதில் நிற்க வேண்டிய எண் முப்பதில் நின்றது. காற்றைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் இருபத்தைந்து. இன்னும் கூட்டினார். பதினெட்டு.

உணர்கம்பி விற்ற கம்பெனியின் ஊழியருக்குப் போன் போட்டார். இணைப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டதும் நேர்கோட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கையால் மாட்டியது என்று சொல்லி வைத்துவிட்டார்.

கலக்கியை வேகமாக்கினார். எண் பன்னிரண்டுக்கு வந்தது. தொட்டிக்குள் நுரை கிளம்பியது. நுரை அடக்கும் எண்ணெயை ஊற்றினார். எண்ணெய் ஊற்றினால் காற்று கரைவது குறையும் என்பது அவருக்குத் தெரியும். அதை ஈடுகட்டக் கலக்கியை இன்னும் வேகமாக்கினார். நுரை மேல்குழாய் வழியாகப் பீய்ச்சி, இஸ்திரி போட்ட அவர் சட்டையில் வழிந்தது. எண் எட்டு.

மானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அந்தப் பக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று அக்காவிடம் கேட்டனுப்பினார்.

அக்கா துடைப்பத்தோடு போய், துடைப்பத்தோடு திரும்பி வந்தாள்.

"எங்க பக்கம் எப்பவும் சரியாத்தான் இருக்கும்னு சொல்லச் சொன்னாங்க சார். உங்க பக்கம் எப்படின்னு கேட்டாங்க."

நேர்கோடு முகத்திலிருந்த நுரையை வழித்தார். "கச்சிதமா போகுதுன்னு சொல்லுங்க."

அக்கா அவர் சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டரை மணி. காற்றுக் குழாயைக் கடைசிவரை திருகித் திறந்தார். கலக்கி போட்ட சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எண் நாலு, இரண்டு, ஒன்று என்று இறங்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதவி போனால் போகட்டும். அரை மணியில் மனைவி சொன்னது பலித்துவிடுமே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சரியாக மூன்று மணிக்கு மேலாளர் வந்தார். நுரையில் வழுக்கி, கதவைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். திரையில் பூஜ்யம்.

"என்ன சார் இது? உள்ள காத்தே போகலையா?"

"போகுது சார். இதுக்கு மேல போக வழியில்லை."

அப்போது அக்கா மறுபடி வந்தாள். மேலாளரைப் பார்த்ததும் தயங்கினாள். பரவாயில்லை, சொல்லுங்கள் என்றார் அவர்.

"மேடம் ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க சார். காலையிலேர்ந்து அவங்க எண்ணு ஏறிட்டே போகுதாம். காத்தைக் குறைச்சுக் குறைச்சுப் பார்த்தாங்களாம். இப்ப காத்தை மொத்தமா அடைச்சுட்டு, கலக்கியையும் நிறுத்திட்டாங்களாம். அப்பவும் தொண்ணூத்தெட்டுல நிக்குதாம்."

நேர்கோடு மெல்லத் திரும்பி, நடைக்கூடத்துப் பெட்டியில் தான் அழகாகக் கட்டி மாட்டிய இரண்டு ஒயர்களையும் பார்த்தார்.

அக்கா துடைப்பத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க சார். காலையில அந்த ஒயரை அழகுபடுத்தினது நீங்களா?"