மலைச்சாரல் டீவி மூடியதும் சம்பந்திக்கு எழுத நேர்ந்ததும்

தோட்டப் பாடசாலை முகாம்,
ஹல்துமுல்லை.
புதன்கிழமை

கொஸ்லந்தையில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி அங்கமுத்து அவர்களுக்கும், சம்பந்தி அம்மாவுக்கும், மாப்பிள்ளை சதீஸ்குமாருக்கும் வீரய்யா இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கே சுகம் என்று தொடங்குவதுதான் முறை என்பதால் நானும் அப்படியே தொடங்குகிறேன். நானும் ரெங்கம்மாவும் மகள் தயானியும் நாலாம் வகுப்பு அறையில், பெருக்கல் வாய்ப்பாடு எழுதிய சுவருக்குக் கீழே பாய் விரித்துச் சுகமாக இருக்கிறோம். உங்கள் பக்கத்து மலை அசையவில்லை என்று கேள்விப்பட்டேன். அது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும்.

வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உங்கள் மகனுக்குக் கேட்டது டீவியில் வருகிற பெண்ணை. அந்த டீவியை மூடிவிட்டார்கள். பெண்ணும் பன்னிரண்டு நாளாக வாய் திறக்கவில்லை. தை மாதக் கலியாணத்தைப் பற்றி நீங்கள் மறுபடி யோசிக்க விரும்பினால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது முழுவதையும் கேட்டுவிட்டு யோசியுங்கள். அரைகுறையாகக் கேட்டு யோசிப்பவர்களை இந்த முகாமில் நிறையப் பார்த்துவிட்டேன்.

பண்டாரவளையில் டீவி விற்கிற புவாத் முதலாளி, கட்டணம் கட்டிப் பார்க்கிற பெட்டியில் ஓர் அலைவரிசையை எடுத்து, கடைக்கு மேலே இரண்டு அறையில் மலைச்சாரல் டீவியை ஆரம்பித்தபோது என் மகள்தான் முதல் அறிவிப்பாளர். முதல் வருடம் லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. தோட்டத்து முகங்கள் டீவியில் தெரிந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல் எல்லாம் வந்தன. தொடர் நாடகத்தின் பகுதிகளை யாரோ முன்பின்னாக மாற்றிப் போட்டதில், திங்கட்கிழமை எரித்த மாமியார் புதன்கிழமை எழுந்து வந்து சமைத்தாள். அதற்கும் சனங்கள் பெட்டி கேட்டார்கள். எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஜீவராணி செவ்வாய்க்கிழமைதோறும் போன் எடுத்துப் பாட்டுக் கேட்பாள். பாட்டு முடிந்ததும், "தயானி, போன வாரம் ஒடுத்துன சீலையே நல்லாருந்துச்சு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பாள்.

உங்கள் விஷயமும் அந்த நல்ல காலத்தில் நடந்ததுதான். உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை அனுப்பிய படமும், அன்றைக்கே காலமான ஒரு பெரியவரின் படமும் இடம் மாறிப்போய், அந்தப் பெரியவரைப் பல்லாண்டு வாழச் சொல்லிவிட்டு, என் மகள் உங்களுக்குக் குரல் தழுதழுக்க அஞ்சலி செலுத்திவிட்டாள். நீங்கள் அடுத்த பஸ்ஸிலேயே புது வேட்டியோடு கடைக்கு வந்து, "என்னயக் கொன்னது யாரு இங்க?" என்று மாடிப்படியில் நின்று சத்தம் போட்டீர்கள். "நாந்தாங்க ஐயா. மன்னிச்சிருங்க. உள்ள வாங்க, தேத்தண்ணி குடிங்க" என்றாள் தயானி. "செத்தவனுக்கு என்னத்துக்குமா தேத்தண்ணி?" என்று கேட்டுவிட்டு நீங்களே சிரித்துவிட்டீர்களாம். அடுத்த மாதம் வெற்றிலைத் தட்டோடு எங்கள் லயத்துக்கு வந்தபோது, உயிரோடு இருக்கிற ஆள் ஒருவர் என்னைத் தேடி வந்ததற்கு நான் அப்படிச் சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். தேயிலை பைக்கற்று விற்கிற ஒரு கம்பனி பணம் போட்டு, அனுசரணை கொடுத்து ஒரு நிகழ்ச்சி நடத்தியது. தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தேயிலையைச் சுவைத்துத் துப்பித் தரம் பார்த்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ரெங்கம்மா புறப்படும்போதே, "நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க" என்றாள். நேரடி ஒளிபரப்பு. கோப்பையை வாங்கினேன், உறிஞ்சினேன். நாக்கு முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தை விடவில்லை. பக்கத்தில் இருந்த பூச்சாடியில் துப்பிவிட்டு, "இது தேயில இல்லீங்க, தரையில கூட்டி அள்ளுறதுங்க" என்று சொல்லிவிட்டேன். தயானி கண்ணை மூடிக்கொண்டாள். கமராவுக்குப் பின்னால் புவாத் முதலாளி தலையில் இரண்டு கையையும் வைத்தவர், விளம்பர இடைவேளை வரைக்கும் எடுக்கவில்லை. அந்த இடைவேளையில் போடுவதற்கு அப்புறம் விளம்பரம் இல்லை. அந்தக் கம்பனி போனது, அதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். சனங்களும் எல்லாவற்றையும் போனிலேயே பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் எங்கள் தோட்டத்தில் இரண்டே வீட்டில்தான் பெட்டி வேலை செய்தது. ஒன்று எங்கள் வீடு, மற்றது ஜீவராணி வீடு.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணியோடு ஒளிபரப்பு நிற்கும் என்று முடிவானது. மூன்று நாளாக விடாத மழை. தயானி, நீங்கள் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, நன்றியுரையையும் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஐந்தே முக்காலுக்கு முதலாளியின் போனுக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தது. சிங்களத்தில் இருந்தது. தமிழில் இன்னும் வரவில்லை. அவள் நன்றியுரையை மடித்து வைத்துவிட்டு அதைத் தமிழாக்கி வாசிக்கத் தொடங்கினாள். அதில் ஊர்ப் பெயர்தான் இருந்ததாம். தோட்டம், பிரிவு, லயம் எல்லாம் அவளாகவே யோசித்து யோசித்துச் சொன்னாள்.

நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "மேல்பிரிவு ஏழாம் லயம், எந்திரிங்க. சாமானப் பாக்காதீங்க. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க" என்கிறாள். ஏழாம் லயம் எங்கள் லயம். பெற்ற மகள் டீவியில் வந்து தகப்பனை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாள், நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ரெங்கம்மாதான் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த நேரம் மணி ஆறு. திரை நீலமாகி, இந்தச் சேவை தற்போது இல்லை என்று எழுத்து வந்தது. கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஓடினோம். கீழ்ப்பிரிவுக்குச் சொல்ல இரண்டு பேர் போனார்கள். ஓடை பாலத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்ததால் திரும்பி வந்துவிட்டார்கள். போனும் வேலை செய்யவில்லை. இருட்டுவதற்குள் மலை இறங்கியது. எங்கள் லயத்தில் இப்போது கூரை இல்லை, ஆட்கள் எல்லாரும் இருக்கிறோம்.

கீழ்ப்பிரிவில் சத்தம் கேட்டு எல்லாரும் ஓடித் தப்பினார்கள், ஜீவராணி மட்டும் இல்லை. மறுநாள்தான் மண்ணிலிருந்து எடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்: "டீவி திரும்பி வரும், நம்ம லயத்தச் சொல்றாங்களான்னு பாத்துட்டு வாரேன்னு ஒக்காந்திருந்துச்சுங்க."

பண்டாரவளையில் என் மகளுக்கு ஒளிபரப்பு நின்றதே தெரியாது. ஆறு மணிக்கு மேலும் இருபது நிமிடம் வாசித்திருக்கிறாள். கீழ்ப்பிரிவு மூன்றாம் லயம் என்று ஜீவராணியின் லயத்தை மூன்று தடவை சொல்லியிருக்கிறாள், எங்கும் போகாத கமராவைப் பார்த்து. புவாத் முதலாளி அடுத்த அறையில் கொழும்பிலுள்ள பெட்டிக் கம்பனிக்குப் போன் எடுத்து இன்னும் அரை மணி நேரம் தரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாராம். "அங்க நேரம் முடிஞ்சுன்னு சொல்லிட்டாங்க அண்ணே. புள்ளட முகத்தப் பாத்து நிப்பாட்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல" என்று முகாமுக்கு வந்து அழுதார்.

சம்பந்தி, நான் அந்தத் தேத்தண்ணியை விழுங்கியிருந்தால் கம்பனி போயிருக்காது, டீவி இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்கும், ஜீவராணியும் இருந்திருப்பாள். இதை முதலாளியிடம் சொன்னேன். "நீங்க துப்பாம இருந்தாலும் நான் மூடித்தான் இருப்பேன்" என்றார். முகாமில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாரும் கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறார்கள். என்னைக் குற்றவாளி என்று சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. தயானி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இனி கமரா முன்னால் உட்காரமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆகையால், பேசாத பெண்ணையும் பேசக் கூடாததைப் பேசுகிற தகப்பனையும் ஏற்பதா வேண்டாமா என்று தாங்கள் ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் விளங்கிக்கொள்வேன்.

தங்கள் வீட்டில் எல்லாருக்கும் முருகன் துணை நிற்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அவர் இன்னும் மாப்பிள்ளையாக இருந்தால்.

இப்படிக்கு,
ஹ. வீரய்யா

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை சதீஸ்குமாரே, பாதை அடைத்திருந்த இடமெல்லாம் நடந்து, இங்கே வந்து சேர்ந்தார். அவரும் தயானியும் ஐப்பசியிலேயே கலியாணப் பதிவு செய்துவிட்டார்களாம். சாட்சிக் கையெழுத்து புவாத் முதலாளியும் அவர் மனைவி ஸைனபும். தையில் ஊருக்காகத் தாலி கட்டினால் போதும் என்று இருந்தார்களாம். எனவே யோசிக்கச் சொல்லி நான் உங்களுக்குக் கொடுத்த உரிமை என்னிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை. பன்னிரண்டு நாளும் அவள் நான் இல்லாத நேரம் பார்த்து மாப்பிள்ளையோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பேசாமல் இருந்தது என்னிடம் மட்டும்தான். ஏன் என்று கேட்டேன். கடிதத்தை வாங்கி முழுக்க வாசித்துவிட்டுச் சொன்னாள்: "செத்தது ஜீவராணி அக்கா. ஆனா இங்க எல்லாரும் அப்பாவுக்குத்தான் ஆறுதல் சொல்றாங்க. அந்த அக்காவோட அம்மா ரெண்டாம் வகுப்புல தனியா ஒக்காந்திருக்கு. நீங்க ஒரு நாளாச்சும் போய்ப் பாத்தீங்களா?"

நான் போகவில்லை, சம்பந்தி. எங்கள் அறையிலிருந்து இரண்டு கதவு தள்ளித்தான். இதை எழுதி முடித்ததும் போகிறேன். மேலே எழுதியதற்குப் பதில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜீவராணிக்குப் பதினாறாம் நாள். வீட்டோடு வந்துவிடுங்கள்.