சாமைக் கொல்லையில் தொங்கிய புது ரிலீசு

ஜவ்வாது மலையில் ஏறி இறங்கிய மனிதர்களிலேயே, உலகம் முழுக்க ஓசியில் கிடைக்கிற ஒரு பொருளைத் துட்டு கொடுத்து, அதுவும் வருஷத்துக்கு இரண்டு தடவை, முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கிய ஒரே ஆள் எங்கள் ரிலீசு சார்தான். இப்படி ஒரு ஏமாளி உண்டா என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அவரிடமே கேட்டிருக்கிறேன்.

அப்போது மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் தமிழாசிரியர், அவர் கம்ப்யூட்டர் ஆசிரியர். அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. லினக்ஸ் என்று ஒன்று உண்டாம். கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரவைத்து வேலை வாங்குகிற ஆதார மென்பொருள். யாரோ எந்தெந்த தேசத்திலோ உட்கார்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரதி எடுங்கள், திருத்துங்கள் என்று பொதுவில் வைத்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு புது ரிலீசு, அதாவது புதுப் பதிப்பு, வரும். சித்திரை பிறந்தால் ஒன்று, ஐப்பசி பிறந்தால் ஒன்று. மலையில் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர் ஒருவர்தான். பேர் அப்படி ஒட்டிக்கொண்டது.

ஓசியில் இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊரில் செல்போனுக்கு சிக்னல் கிடைத்த இடம் ஒரே ஒரு பாறை. அதிலும் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும். அந்தப் பாறையில் உட்கார்ந்து இறக்கினால், நடுவில் யாரும் தும்மாமல் இருந்தால், பதினோரு நாள் ஆகும் என்று அவர் சொன்னார். போளூரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரலாமே என்றால் முகத்தைச் சுளிப்பார். பென்டிரைவ் பத்துப் பேர் வாய் வைத்த சொம்பாம். அதனால் பெங்களூரில் ஒரு கடைக்காரருக்கு மணியார்டர் அனுப்புவார். கடைக்காரர் அதை டிவிடித் தட்டில் எழுதி, போளூரில் ஒரு டீக்கடை விலாசத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து ஷேர் ஜீப் ஓட்டும் கோவிந்தன் மலைக்குக் கொண்டுவருவான்.

"தட்டுக்குத்தான் சார் துட்டு. உள்ள இருக்கறதுக்கு வெலையே இல்ல" என்பார்.

தட்டு வரும் நாளில் அவர் செய்கிற அலப்பறையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தலைக்குக் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போவார். உறையைக் கத்தரிக்கோலால் ஓரம் மட்டும் வெட்டுவார். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு கம்ப்யூட்டர் பிரிவில் படித்த ஏழு பெண் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பத்து மெஷினையும் அழிக்கச் சொல்லிவிட்டு, புதுசைப் போடச் சொல்வார். பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அத்தத் தொடாத, இத்த அமுக்கு" என்று உயிரை வாங்குவார். ஓடுகிற வண்டியை எதற்கய்யா பிரிக்கிறீர் என்று நான் கேட்டேன். பிரிக்கத் தெரியாதவளுக்கு வண்டி எதற்கு என்று திருப்பிக் கேட்டார்.

பழைய தட்டுகளை அவர் குப்பையில் போட மாட்டார். சாமைக் கதிர் முற்றுகிற சமயம் குருவிக்கூட்டம் வந்து இறங்கும். பளபளக்கிற தட்டைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் சுற்றும், வெளிச்சம் அடிக்கும், குருவி கிட்டே வராது. கேட்டவர்களுக்கெல்லாம் ரிலீசு சார் ஆளுக்கொன்று கொடுப்பார். கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கையும் உண்டு.

"இதுக்கு ஆதரவு முடிஞ்சிபோச்சிம்மா, இனிமே திருத்தம் வராது. ஆனா குருவிக்குப் போதும்."

ஒரு கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதாமல், மாப்பிள்ளை கையில் தட்டு ஒன்றைக் கொடுத்து, இதில் எழுநூறு மென்பொருள் இருக்கிறது என்றார். அந்த வீட்டில் டார்ச் லைட் தவிர மின்சாதனம் எதுவும் கிடையாது. அவர்கள் அதை மரியாதையாக மாட்டுக்கொட்டகை வாசலில் மாட்டிவைத்தார்கள். மறுவாரம் அந்த வழியாகப் போனவர், தூசு படிகிறதே என்று துடைத்துவிட்டு வந்தார்.

இனி நான் சொல்லப்போவது ஓர் ஐப்பசி மாதத்து விவகாரம். எங்கள் தலைமையாசிரியருக்குக் கம்ப்யூட்டர் அறைமேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். அந்த அறை கிடைத்தால் அரிசி மூட்டை அடுக்கலாம். ஏழே பிள்ளைகளுக்கு எதற்கு ஒரு பிரிவு, மூடிவிடலாம் என்று மேலே எழுதிக்கொண்டே இருந்தார். மூடினால் அடுத்த கம்ப்யூட்டர் பிரிவு போளூரில்தான். மலையிலிருந்து பெண்ணைத் தினம் போளூருக்கு அனுப்பிப் படிக்கவைக்க எங்கள் ஊரில் எந்த வீடும் ஒத்துக்கொள்ளாது. ஏழு பேரின் படிப்பும் அந்த அறையோடு முடிந்துவிடும். பார்த்து முடிவுசெய்ய, திங்கட்கிழமை ஓர் அதிகாரி வருவதாகச் சனிக்கிழமை காலையில் தகவல் வந்தது.

தகவல் வந்தபோது பத்து மெஷினும் துடைத்துவைத்த சட்டியாக இருந்தன. வெள்ளிக்கிழமை ஜீப்பில் புதுத் தட்டு வருகிறது என்று இவர் வியாழக்கிழமையே எல்லாவற்றையும் அழித்துவிட்டார். கேட்டால், வீட்டைக் கூட்டிவிட்டுத்தானே சாமியை அழைக்க வேண்டும் என்றார். பழைய தட்டாவது இருக்கிறதா என்றேன். புதுசு வருகிற சந்தோஷத்தில் கடைசித் தட்டையும் அந்த வாரம்தான் யாருக்கோ தூக்கிக் கொடுத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, அவரைப் பாறைமேல் ஏற்றி இறக்காமல் விட்டுவிடலாமா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜீப் வரவில்லை, டயர் வெடித்து வழியில் நின்றுவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வந்த ஜீப்பில் கோவிந்தன் இருந்தான், தட்டு இல்லை.

"வழியில சென்னம்மா தட்டு ஒண்ணு கேட்டுச்சு சார். நாத்தனார் வூட்டுக் கல்யாணத்துக்குப் போவுதாம், கொல்லைக்குக் காவல் ஆள் இல்லன்னுச்சு. நீங்க எப்பிடியும் குடுக்கப்போறதுதானே, ஒங்களுக்கு ஒரு நடை மிச்சமாவட்டும்னு நானே குடுத்துட்டேன்" என்றான். முகத்தில் உதவி செய்தவனின் பெருமை.

ரிலீசு சார் அவனைத் திட்டவில்லை. ஊருக்கெல்லாம் பழக்கிவிட்டவர் அவர்தானே, எந்த வாயால் திட்டுவார். ஜீப்பின் பானெட்டைப் பிடித்துக்கொண்டு, சென்னம்மாவின் கொல்லைக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் நடந்தோம். ஒரு மணி நேர நடை. வழியெல்லாம் சாமைக் கொல்லைகள், கொல்லைக்குக் கொல்லை இவருடைய தட்டுகள். தலைபோகிற அவசரத்திலும் மனிதர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று, இது நாலு வருஷத்துக்கு முந்தியது, இதில் பிரிண்டர் வேலை செய்யாது, அதோ அது தங்கமான ரிலீசு என்று குசலம் விசாரித்துக்கொண்டே வந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

சென்னம்மா கல்யாணத்துக்குக் கிளம்பித் தயாராக நின்றாள். கொல்லை நடுவில் உயரமான மூங்கிலில் புது ரிலீசு ஜொலித்துக்கொண்டு சுற்றியது. நடுவில் ஓட்டையோடேயே செய்து அனுப்பியிருக்கிறார்கள், கட்டத் தோதாக இருந்தது என்று அவள் மெச்சினாள். விஷயத்தைச் சொன்னோம். அவள் வீட்டுக்காரன் கேரளாவில் வேலையில் இருந்தான். அவள் திரும்பி வர மறுநாள் மத்தியானம் ஆகும். அந்த அரை ஏக்கர் சாமைதான் வருஷத்துக்கும் சோறு.

"நேத்து ஒரு குருவிகூட எறங்கல சார். இப்ப எடுத்துனு போய்ட்டா இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சோற்றுத் தட்டைக் கட்டலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவளுடைய எவர்சில்வர் தட்டையே கட்டிப் பார்த்தோம். அது சுற்றவில்லை. கால் மணி நேரத்தில் அதன்மேலேயே ஒரு குருவி வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. பக்கத்துக் கொல்லைக்காரர்களிடம் கேட்டால் கதிர் முற்றியிருக்கிற நேரத்தில் யார் அவிழ்த்துக் கொடுப்பார்கள்? சரி, நான் காவல் நிற்கிறேன், நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுங்கள் என்று ரிலீசு சாரிடம் சொன்னேன். சென்னம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாத்யாரு பொஸ்தகத்தத் தொறந்தா குருவி தலமேல ஒக்காந்தாகூடத் தெரியாதுங்க. வாணாம்."

அவளுடைய பையன் என்னிடம் படித்தவன். வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

ரிலீசு சார் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். மூங்கிலைச் சாய்த்துத் தட்டை அவிழ்த்து, தன் துண்டில் சுற்றி, ஓரத்தை மட்டும் பிடியுங்கள் என்று என் கையில் கொடுத்தார்.

"நான் நிக்கிறேன். பொண்ணுங்க போட்டுடுவாங்க சார்."

அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் பக்கத்திலிருந்து ஒரு நிமிஷம் நகராதவர் அவர். வெயிலுக்குத் தலையில் கோணி ஒன்றைப் போட்டுக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினார். புராணத்தில் தினைப்புனம் காத்தவளுக்கு மீசையும் மூக்குக்கண்ணாடியும் இருந்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தார். "ஊஊ, ஓய்" என்று அவர் போட்ட சத்தம் எனக்கு அரை பர்லாங் தூரம் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் ஏழு பிள்ளைகளும் காத்திருந்தார்கள். சாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், சொன்னேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. செல்வி என்கிற பெண் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். மூங்கிலில் இடித்து இடித்துக் கீறல் விழுந்திருந்தது. முதல் மெஷினில் முக்கால்வாசி ஏறி, அப்படியே நின்றுவிட்டது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாயிற்று. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னேன், மெஷினைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். செல்வி மரியாதையாக என்னை வாசலில் போய் உட்காரச் சொன்னாள்.

பிறகு நடந்ததை வாசலிலிருந்துதான் பார்த்தேன். பழைய பருத்தித் துணியை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைத்தாள். வட்டமாகத் துடைக்கக் கூடாதாம், சார் சொல்லியிருக்கிறாராம். மறுபடி போட்டார்கள், ஏறியது. ஒரே தட்டு, பத்து மெஷின், ஒன்று முடிந்து ஒன்று. ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி உட்கார்ந்தாள். அத்தத் தொடாதே, இத்த அமுக்கு என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. பொழுது சாய்வதற்குள் பத்தாவது மெஷினும் எழுந்து உட்கார்ந்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். தலைமையாசிரியரின் முகம் பத்து மெஷினையும் பார்த்துச் சுருங்கியது. ஆசிரியர் எங்கே என்று அதிகாரி கேட்டார். லீவு என்றார் தலைமையாசிரியர். சாமைக் கொல்லையில் குருவி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன் நான். அதிகாரி என்னை விட்டுவிட்டு, இதையெல்லாம் யார் போட்டது என்று பிள்ளைகளைக் கேட்டார்.

"நாங்கதாங்க" என்றாள் செல்வி.

அவர் நம்பவில்லை. ஒரு மெஷினைக் காட்டி, அதை அழித்துவிட்டு என் கண் முன்னால் திரும்பப் போடுங்கள் பார்க்கலாம் என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பிள்ளைகளுக்கு வேர்க்கவில்லை, அவர்களுக்கு அழித்துப் போடுவது அன்றாடச் சோறு. அதிகாரி இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் மெஷின் எழுந்துவிட்டது. பிரிவு தொடரலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரிசி மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். சென்னம்மா இன்னும் வந்திருக்கவில்லை. ரிலீசு சார் கொல்லை நடுவில் நின்றார். ஒன்றரை நாள் வெயிலில் முகம் கருத்திருந்தது, தொண்டை கட்டியிருந்தது. பிரிவு நிற்கிறது, மூடவில்லை, கையெழுத்து ஆகிவிட்டது என்று வரப்பிலிருந்தே கத்திச் சொன்னேன். தலையை ஆட்டினார். கிட்டே போனதும் மெதுவாகக் கேட்டார்.

"எத்தினி மெஷின் சார்?"

"பத்தும்."

"யாரு போட்டாங்க?"

"அதுங்களேதான். என்னக்கூட உள்ள வுடல."

அவர் என் கையிலிருந்த தட்டை வாங்கவில்லை. சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கி, கட்டின தொண்டையோடு "ஊஊ, ஓய்" என்று கத்தினார். திரும்பவும் கத்தினார். கொல்லையில் அப்போது ஒரு குருவிகூட இல்லை. நானும் பக்கத்தில் போய் நின்று, அவரோடு சேர்ந்து கத்தினேன்.