நான் ஊர்ந்தது வேண்டுதல் அல்ல

எழுபது வயதைத் தாண்டிய ஒருவன் பொதுவழியில் குப்புறப் படுத்து முழங்கையால் ஊர்ந்து போனால், வேறு ஊரில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். திருவண்ணாமலையில் சூடம் கொளுத்துவார்கள். இந்த வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் இந்த ஊரில் குடியிருந்தேன் என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் வேலை பார்த்தது வயலில் இறங்கி விளைச்சலைக் கணக்கெடுக்கிற அலுவலகத்தில். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. மாத்திரைகளை எண்ணுவேன். கல்யாணத்துக்கு வராதவர்களை எண்ணுவேன். (மருமகள் மல்லிகா தோசை சுடும்போது நான் சமையலறைப் பக்கம் வரக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டமே உண்டு.)

என் பேத்தி திவ்யா கல்லூரி முடித்ததும் படையில் சேர்ந்தாள். முப்படைகளில் எது என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற இரண்டும் மனஸ்தாபப்படும். அவள் அப்பா, அதாவது என் மகன் சேகர், வேண்டவே வேண்டாம் என்றான். மல்லிகாவின் அப்பா ஏகாம்பரம், என் சம்பந்தி, எங்கள் வேங்கிக்கால் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர், அவரும் வேண்டாம் என்றார். நான் ஒருவன்தான் சண்டை போட்டு அனுப்பினேன். "அங்கே ஒழுக்கம் இருக்கும், கட்டுப்பாடு இருக்கும், சிரிச்சா பல்லைப் பிடுங்கிடுவாங்க" என்று வாக்குக் கொடுத்தேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் வினை.

அவள் போன சில வாரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சம்பந்தி ஒரு வீடியோவை அனுப்பினார். படையே தன் இணையப் பக்கத்தில் போட்ட வீடியோ. சேற்றில் வரிசையாகப் பிள்ளைகள் முழங்கையால் ஊர்ந்து போகிறார்கள். பெரிய மீசை வைத்த பயிற்சியாளர் ஒருவர், தானும் அவர்களோடு சேற்றில் ஊர்ந்தபடியே, மாட்டு வண்டிப் பந்தயத்துக்குச் சொல்வதுபோல் மைக்கில் வர்ணனை சொல்கிறார். பின்தங்குகிறவர் கோழி மாதிரி கொக்கரிக்க வேண்டுமாம். முகமெல்லாம் சேறாக ஒரு பெண் கொக்கரித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என் பேத்தி. பதினோரு முறை சிரித்தாள். எண்ணிவிட்டேன்.

உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எல்லையில் எதிரி வந்தால் கொக்கரித்தே விரட்டுவார்களா என்று ஒருவர் கேட்டார். படையின் மானம் கப்பலேறிவிட்டது என்று இன்னொருவர். (வாழ்நாளில் ஒரு முறைகூட அவர் வரிசையில் நின்று ரேஷன் வாங்கியதில்லை.) வீடியோவுக்குக் கீழே முன்பின் தெரியாதவர்களும் அதையேதான் எழுதியிருந்தார்கள். உள்ளுக்குள் எனக்கும் சங்கடம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கேமராவைப் பார்த்ததும் பிள்ளைகள் ஒரு நொடி சிரித்திருப்பார்கள் என்று சமாளித்தேன்.

சேகர் சமாதானம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டான். ஆரம்பத்திலேயே விலகிக்கொள்ள வழி இருக்கிறதாம். நேரில் போய்ப் பேசி, அழைத்துக்கொண்டு வந்துவிடுவானாம். திவ்யா பிடிவாதக்காரிதான். ஆனால் அப்பா எதிரே வந்து கண்கலங்கினால் கிளம்பிவிடுவாள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மறுநாள் காலை, செங்கம் ரோட்டில் எங்கள் வழக்கமான டீக்கடை. கிரிவலப் பாதையில் யமலிங்கக் கோயிலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. சம்பந்தி டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"நாலு புள்ளைங்க சேத்துல உருளுதுங்க. இதுக்குப் பேரு ட்ரைனிங்காம். எங்க ஊரு எருமை தினம் பண்ணுது சம்பந்தி."

"எருமை முழங்கையில போவாது சம்பந்தி."

"நீங்க போவீங்களா?"

"போவேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. பந்தயம் இதுதான்: நாளைக் காலை இந்த டீக்கடையிலிருந்து அடுத்த விளக்குக் கம்பம் வரை நான் ஊர்ந்து காட்ட வேண்டும். காட்டிவிட்டால் சேகரிடம் பேசி டிக்கெட்டை ரத்து செய்ய வைப்பது அவர் பொறுப்பு. ஒரு நிபந்தனையும் போட்டார். சிரிக்கக் கூடாது. சிரித்தால் சேகர் ரயில் ஏறுவான்.

சிரிப்பதா? என் கல்யாணப் போட்டோவிலேயே நான் சிரிக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

அன்று மத்தியானம் கட்டில் பக்கத்தில் கொஞ்சம் ஊர்ந்து பழகினேன். மல்லிகா எட்டிப் பார்த்து, "பல்செட்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சா மாமா?" என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். முழங்கைத் தோல் அதற்குள் உரிந்துவிட்டது. மறுநாளுக்காக மெத்தென்று ஒரு துணி தேடினேன். பீரோவில் கிடைத்தது ஒரு பழைய மஞ்சள் துணி. இரண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டேன்.

இப்போது நீங்கள் அந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிரிவலப் பாதை. நெற்றியில் பட்டையாக விபூதி (தினமும் பூசுவதுதான்). மேலே சட்டை இல்லை. மண்ணில் புரண்டு நல்ல சட்டையை யார் கெடுப்பார்கள்? இரண்டு முழங்கையிலும் மஞ்சள் துணி. மலையைப் பார்த்த மாதிரி குப்புறப் படுத்திருக்கிறேன். பின்னால் சம்பந்தி, என் செருப்பையும் கண்ணாடியையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு பவ்யமாக நிற்கிறார். இதைப் பார்த்தால் படைப் பயிற்சி என்று எந்த மடையனுக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியது.

நாலு முழம் போயிருப்பேன். வெளியூர் பஸ்ஸில் வந்து கிரிவலம் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய கூட்டம் என்னைச் சூழ்ந்தது. யாரோ "அண்ணாமலையாருக்கு" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "அரோகரா" என்றார்கள். ஒரு அம்மாள், தரை சுடுமே என்று இரக்கப்பட்டு, டீக்கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி என் முன்னால் ஊற்றினாள். மண் சேறானது. அதுவரை குறைந்திருந்த ஒரே அம்சமும் பூர்த்தியாயிற்று.

"நாடு எங்க போனாலும் பக்தி மட்டும் போவல பாரு" என்று தலைக்கு மேல் ஒரு குரல். எலுமிச்சம்பழ மாலை ஒன்று என் கழுத்தில் விழுந்தது. சம்பந்தி என் செருப்பை இன்னும் பவ்யமாக ஏந்திக்கொண்டார்.

எப்படியோ விளக்குக் கம்பத்தைத் தொட்டுவிட்டேன். சிரிக்காமல்தான் தொட்டேன். வென்றாயிற்று என்று எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். தண்ணீர் ஊற்றிய அம்மாள் பதறிப்போனாள்.

"இன்னாங்க ஐயா, நடுவுல எழுந்தா சாமி குத்தம் ஆயிடுங்க. யமலிங்கம் வரைக்குமாவது போயிடுங்க."

"அம்மா, இது வேண்டுதல் இல்லம்மா. மிலிட்டரி ட்ரைனிங்."

"புள்ள மிலிட்டரியா? அவருக்காகத்தான் வேண்டிக்கினீங்களா?"

"பேத்திம்மா."

அதுதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். "பேத்திக்காம்! பேத்திக்காம்!" என்று கூட்டத்தின் கடைசி வரை செய்தி போனது. நாலு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் செல்போனை நீட்டினான். அத்தனை கண்ணீருக்கு நடுவே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை. மறுபடியும் படுத்தேன்.

அந்த அம்மாளின் பார்வை அப்புறம்தான் சம்பந்தி பக்கம் திரும்பியது. நீங்கள் யார் என்று கேட்டாள். அவர் பெருமையாக, நானும் அந்தப் பெண்ணுக்குத் தாத்தாதான், அம்மாவைப் பெற்றவன் என்றார். ஆளை அவ்வளவு சுலபமாக விடுவார்களா?

"அப்ப நீங்க மட்டும் நின்னுக்கினு இருந்தா எப்பிடிங்க? ரெண்டு தாத்தாவும் போனாதான பலிக்கும்?"

செருப்பையும் கண்ணாடியையும் யாரோ வாங்கிக்கொண்டார்கள். சட்டையையும் யாரோ கழற்றிவிட்டார்கள். திரும்பிப் பார்க்கிறேன்: சம்பந்தி என் பின்னால் சேற்றில் கிடக்கிறார். தொப்பை தரையில் படிய, முழங்கை இரண்டும் காற்றில் துழாவுகின்றன. இரண்டு இழுப்பு இழுத்ததும் அவருக்கு மூச்சு முட்டியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆண்டவன் சாட்சியாகச் சொல்கிறேன், கோழி கொக்கரிப்பதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

நான் சிரித்துவிட்டேன். அடக்க அடக்க ஜாஸ்தியானது. அவர் என்னைப் பார்த்து, "சிரிச்சிட்டீங்க, சிரிச்சிட்டீங்க" என்று முணுமுணுத்தார். சொல்லும்போதே அவருக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு கிழவர்களும் சேற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினோம். கூட்டம் இன்னும் உருகியது. பரவச நிலை என்றார் ஒருவர்.

ஆனால் அங்கேதான் ஒன்று தெரிந்தது. விளக்குக் கம்பம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போனபோது ஒவ்வொரு இழுப்பும் உயிர் போகிற மாதிரி இருந்தது. சிரிக்க ஆரம்பித்த பிறகு முழங்கை வலி எங்கே போனது என்றே தெரியவில்லை. யமலிங்க வாசல் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்றுகூட இருந்தது. (போகவில்லை. சம்பந்தியின் வேட்டி வெகுதூரம் பின்னாலேயே தங்கிவிட்டது.)

மோட்டார் சைக்கிள் பையன் எடுத்த வீடியோ, நாங்கள் வீடு வருவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டது. 'பேத்திக்காக இரு தாத்தாக்களின் மெய்சிலிர்க்கும் பக்தி' என்று தலைப்பு. படை போட்ட வீடியோவைவிட எங்களுடையதைப் பார்த்தவர்கள் அதிகம். நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். சாயந்திரம் சேகர் தன் கடையை மூடிவிட்டு வந்தான். என் கையைப் பிடித்து முழங்கைக்கு மருந்து போட்டான். ரயில் விஷயத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கம்பத்தைத் தொட்ட பிறகுதான் சிரித்தேன் என்றாலும், சிரித்தது சிரித்ததுதான்; நிபந்தனைப்படி நான் தோற்றவன். சம்பந்தி ஓர் ஓரமாக வெந்நீர் ஒத்தடத்தில் இருந்தார்.

"நைனா" என்றான் சேகர். "நீ பதினேழு வாட்டி சிரிச்சிக்கிற. கடையில உக்காந்து எண்ணினேன். அவ பதினொண்ணுதான்."

"வலிடா" என்றேன். "வலிக்குத்தான் சிரிச்சேன்."

கொஞ்ச நேரம் மருந்து டப்பாவை மூடாமல் வைத்திருந்தான். பிறகு, "அவளுக்கும் அப்பிடித்தான் வலிச்சிருக்கும் இல்ல?" என்று கேட்டுவிட்டு, போனை எடுத்து டிக்கெட்டை ரத்து செய்தான். சம்பந்தி ஒத்தடத் துணியைக் கீழே வைத்துவிட்டு, தான்தான் பேசி ரத்து செய்ய வைத்த மாதிரி தலையை ஆட்டினார்.

அந்த வாரக் கடைசியில் திவ்யா போன் செய்தாள். மீசைக்காரப் பயிற்சியாளர் எங்கள் வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினாராம். தாத்தா இடுப்பை ஜாஸ்தி தூக்குகிறார், எதிரி சுட்டுவிடுவான் என்றாராம். மற்றபடி பரவாயில்லை என்றாராம். இப்படி ஒரு நற்சான்று என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஆகவே படையின் மானம் போய்விட்டது என்று இன்னும் யாராவது சொன்னால், நான் அவரிடம் வாதம் செய்வதில்லை. செங்கம் ரோட்டு டீக்கடைக்கு வரச் சொல்கிறேன். விளக்குக் கம்பம் அங்கேயேதான் இருக்கிறது. சிரிக்காமல் ஊர்ந்து காட்டட்டும், பிறகு பேசுவோம். இதுவரை ஒருத்தரும் வரவில்லை.

திவ்யா பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்துவிட்டாள். வினை வந்தது எங்கள் தலைமேல்தான். வீட்டில் யாருக்குப் பரீட்சை என்றாலும், யாருக்கு வரன் தட்டிப்போனாலும், மல்லிகா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "ரெண்டு தாத்தாவையும் ஒரு வாட்டி இறக்கிடலாமா?" என்று கேட்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். சம்பந்தி மட்டும் மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போய்விடுவார்.

நான் போவதில்லை. மஞ்சள் துணியைத் துவைத்து மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். இந்த முறை இடுப்பைத் தூக்கமாட்டேன்.