மாமிக்கு நான் சொன்ன கொரியக் கதை

எனக்குக் கொரிய மொழி தெரியாது. இதை இப்படி எழுத்தில் அறிவிக்கவேண்டிய நிலைமை வேறெந்த மன்னார்க்காரனுக்கும் வந்திருக்காது. எனக்கு வந்தது. வரவைத்தவள் இப்போது என் மனைவி என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் நியூசிலாந்தில், ஒக்லாந்தின் ஒடாஹுஹு பகுதியில் ஒரு கராஜில் மெக்கானிக். ரெஜினாவும் நானும் மாதா கோயிலில் நடக்கும் தமிழ்ப் பூசையில் சந்தித்து, பூசை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் நின்று கதைத்து, கடைசியில் அந்தக் கார் நிறுத்துமிடத்துக்காகவே பூசைக்குப் போகிற அளவுக்கு வந்திருந்தோம். ரெஜியின் தாய் றோஸ்மலர் அன்ரிக்கு (பிறகுதான் மாமி, அப்போது அன்ரி) என்னைப் பிடிக்கவில்லை. அதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. "தம்பி நல்ல பிள்ளைதான்" என்றார். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இந்த வசனத்தைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சும் விட்டால் உங்கள் கதை முடிந்தது என்று அர்த்தம். கிளென் ஈடனில் ஒரு கணக்காளர் மாப்பிள்ளை தயாராக இருந்தான். நத்தார்ப் பண்டிகைக்கு முன் அவனுடைய வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் அன்ரியின் மனதை நான் மாற்றியாகவேண்டும்.

இந்த இடத்தில்தான் கொரியா குறுக்கே வந்தது.

ஹில்ஸ்பரோவில் அன்ரியின் பக்கத்து வீட்டில் மிஸிஸ் ஹான் என்ற கொரியப் பெண்மணி இருந்தார். அன்ரி ஒருநாள் அவருக்கு ரோல்ஸ் கொடுத்தார். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது நம் ஊரில் மட்டுமல்ல, கொரியாவிலும் சட்டம்போலிருக்கிறது. தட்டு கிம்ச்சியோடு திரும்பி வந்தது. அன்ரி விடுவாரா? வடை போனது. பேரிக்காய் வந்தது. பற்றீஸ் போனது. மிஸிஸ் ஹானிடம் அன்று வீட்டில் ஒன்றுமில்லையோ என்னவோ, தட்டில் ஒரு கட்டு வீடியோ கசெற் வந்தது. கொரியத் தொடர்நாடகம். படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்தும் இல்லை, விளக்கமும் இல்லை. ஒரு சொல்லும் விளங்காமலே அன்ரி முதல் கசெற்றை இரண்டு தரம் பார்த்து இரண்டு தரமும் அழுதார்.

அழுதவர், "என்னத்துக்கு அழுறன் எண்டுதான் விளங்கேல்லை" என்று ரெஜியிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்கு இந்த மகராசி என்ன சொல்லியிருக்கவேண்டும்? "எனக்கும் விளங்கேல்லை அம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் சொன்னது இது: "அவரோட கராஜில கொரியர் வேலை செய்யினம். அவருக்குக் கொரியன் நல்லாத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லட்டே?"

எங்கள் கராஜில் ஒரே ஒரு கொரியர்தான் இருந்தார். அவர் எனக்குச் சொல்லித்தந்தவை மூன்று: வணக்கம், நன்றி, சீக்கிரம் சீக்கிரம். மூன்றாவதைத்தான் நாளெல்லாம் கேட்டேன் என்பதால் அதுதான் நன்றாக வரும்.

"ஏனப்பா இப்பிடிச் செய்தனீ?" என்று ரெஜியிடம் கத்தினேன்.

"வீட்டுக்கு வர ஒரு வழி கேட்டீங்கள். திறந்து விட்டிருக்கிறன். வாறதெண்டா வாங்கோ" என்றாள்.

போனேன். ரீவிக்கு முன்னால் எனக்கென்று நல்ல நாற்காலி, ஹீற்றர், பிளேன்ரீ. அன்ரி என்னை முதல் தடவையாக உட்காரச் சொன்னார். அந்த மகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"தம்பி, என்ன சொல்லுறாள்?"

"கவலையா இருக்குதாம் அன்ரி."

"இவ்வளவு நேரம் கதைச்சவள். கவலையா இருக்கு எண்டு சொல்ல இவ்வளவு நேரமோ?"

அன்ரி ஒரு வசனத்தையும் விடமாட்டார். யாராவது கதவைத் திறந்தால் ஏன் திறந்தான், மூடினால் ஏன் மூடினான். ஒருவன் இருமினான்; அதற்கும் விளக்கம் கேட்டார். இடையில் அந்தப் பெண் "அப்பா" என்றாள். (கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான்!) அன்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எனக்கே விளங்குது. மிச்சத்தைச் சொல்லுங்கோ தம்பி."

மிச்சம் எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரிந்தது இதுதான். ஒரு பெண். காலையில் பெரிய பங்களாவில் பட்டுச்சட்டையோடு இருக்கிறாள். அடுத்த காட்சியில் மீன் சந்தையில் றப்பர் சப்பாத்தோடு நிற்கிறாள். திரும்பவும் பங்களா. திரும்பவும் மீன்.

"இவள் ஏன் அங்கயும் இங்கயும் ஓடுறாள்?" என்று அன்ரி கேட்டார்.

ஒக்லாந்தில் அந்த நாளில் எங்களில் யாருக்கும் ஒரு வேலை கிடையாது; எல்லோருக்கும் இரண்டு. பகலில் அலுவலகத்தில் இருந்தவர் மாலையில் இன்னொரு அலுவலகத்தைக் கூட்டித் துடைத்தார். வீடு வாங்கின மோர்ட்கேஜ் இருக்கிறதே! ஆகவே என் வாயில் அந்தப் பதில் தானாக வந்தது.

"ரெண்டு வேலை செய்யிறாள் அன்ரி."

அன்ரியின் முகம் உருகிப்போனது. அவரும் பகலில் தையல், மாலையில் துப்புரவு வேலை என்று ஓடினவர். "ஐயோ, என்ர பிள்ளை! எங்களைப்போலத்தான்" என்றார். எனக்கு இரண்டாவது பிளேன்ரீ வந்தது. கூடவே கேக். ஆள் மயங்கிவிட்டார் என்று எனக்குள் ஒரே பெருமை. மடையன்!

அடுத்த வாரமே சிக்கல். பங்களாவில் ஒருத்தன் அவளுடைய கையைப் பிடித்தான். மீன் சந்தையில் இன்னொருத்தன் பிடித்தான்.

அன்ரி கசெற்றை நிறுத்தினார். "தம்பி, ரெண்டு வேலை சரி. ரெண்டு புருசனோ?"

குசினிக்குள்ளிருந்து ரெஜி தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். உதவி செய்யத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

"அவளுக்குத் தலையில அடிபட்டது அன்ரி. இங்க வந்தா அங்க நடந்தது மறந்துபோகும்."

"எப்ப அடிபட்டது? நான் காணேல்லையே?"

"கதை தொடங்க முதல் அடிபட்டது."

அன்ரி நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை. ஒரு வாரம் அவளுக்காக அழுதார், அடுத்த வாரம் "புருசன் தேடுறான், இஞ்ச நிண்டு மீன் விக்கிறாள் எருமை" என்று திட்டினார். நானும் வாராவாரம் ஞாபகத்தைக் கொடுப்பதும் பறிப்பதுமாக நாயாய் அலைந்தேன். வேலையில் கார்களுக்கு அடியில் படுத்தபடி அடுத்த ஞாயிற்றுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். மிஸிஸ் ஹானுக்கு ஞாயிறுகளில் கடையில் வேலை என்பதால் நல்லகாலம் அவரைச் சந்திக்கவேண்டி வரவில்லை.

ஒக்டோபர் வந்தது. செபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு வீடாகப் போகும். அன்ரியின் முறை வந்த வெள்ளிக்கிழமை வீடு நிறையச் சனம். செபமாலை முடிந்ததும் என்னைப் பற்றி எல்லோருக்கும் சொல்லப்போவதாக அன்ரி காலையில் சொன்னாராம். கணக்காளன் கதை முடிந்தது என்று ரெஜி தொலைபேசியில் துள்ளினாள். நான் புதுச் சேட் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே போனால் மாதாவுக்குப் பக்கத்தில், கையில் செபமாலையோடு, மிஸிஸ் ஹான்! அவரும் கத்தோலிக்கர் என்பதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா?

செபமாலை முடிந்தது. கருத்துகளுக்காக மன்றாடும் நேரம். ஒருவர் விசா கிடைக்க மன்றாடினார். ஒருவர் மூட்டுவலிக்கு. பிறகு அன்ரி எழுந்து, விருந்தாளிக்காக ஆங்கிலத்திலேயே, தலையில் அடிபட்டு ஞாபகம் இழந்து இரண்டு வேலை செய்கிற அந்தக் கொரியப் பிள்ளைக்காக மன்றாடினார். எல்லோரும் உருக்கமாக "ஆமென்" சொன்னார்கள்.

மிஸிஸ் ஹான் மட்டும் சொல்லவில்லை. "நோ, நோ. நோ சிக்" என்றார். இரண்டு விரலை நீட்டினார். "டூ சிஸ்டர். ட்வின். சேஞ்ச் ஹவுஸ், சேஞ்ச் லைஃப்."

அன்ரி மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பிக்குக் கொரியன் தெரியும். அவர்தான் சொன்னவர்" என்று மிஸிஸ் ஹானிடம் சொன்னார். மிஸிஸ் ஹானுக்கு ஒரே சந்தோசம். என்னைப் பார்த்துக் கொரிய மொழியில் நீளமாக எதையோ கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். எனக்குத் தெரிந்த மூன்று சொல்லில் வணக்கம் வரவில்லை, நன்றியும் வரவில்லை. மாதா சுரூபத்துக்கு முன்னால், அத்தனை சனத்துக்கு நடுவில், ஒரு மரியாதையான பெண்மணியைப் பார்த்து "சீக்கிரம் சீக்கிரம்!" என்று கொரிய மொழியில் கத்தினேன்.

பாவம், அவர் அவசரமாக எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் எருமை எண்டு திட்டினது எவளை?" என்றார் அன்ரி. அவருக்கு அதுதான் முதல் கவலை. இரண்டாவது கவலை நான். "தம்பி, கராஜில காரையும் இப்பிடித்தான் பாக்கிறனீங்களோ? கிளென் ஈடன் பெடியன் ஒண்டையும் ரெண்டையுமாவது எண்ணத் தெரிஞ்சவன்."

எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அப்போதுதான் ரெஜி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அம்மா, அவருக்குக் கொரியன் தெரியும் எண்டு சொன்னது நான். பொய். திட்டுறதெண்டா என்னைத் திட்டுங்கோ. ஆனா கட்டுறதெண்டா நான் இவரைத்தான் கட்டுவன்" என்றாள். வந்திருந்த சனத்துக்கு அன்று எந்த நாடகத்திலும் கிடைக்காத காட்சி.

அன்ரி ரெஜியைத் திட்டவில்லை. எனக்குத்தான் தண்டனை கொடுத்தார். முதல் கசெற்றிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கவேண்டும். மிஸிஸ் ஹான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல, அதை நான் தமிழில் சொல்லவேண்டும். ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. அதனால் மிஸிஸ் ஹானுக்கு லீவு கிடைத்த மாலைகளிலெல்லாம் நான் அந்த நாற்காலியில் இருந்தேன். பிளேன்ரீ வந்தது. கேக் வரவில்லை.

கடைசிக் கசெற்றில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மிஸிஸ் ஹான் அழுதார், ரெஜி அழுதாள், வெட்கத்தைவிட்டுச் சொன்னால் நானும் அழுதேன். அன்ரி கண்ணைத் துடைத்துவிட்டு ரெஜியிடம் சொன்னார்: "கணக்காளன் பொய் சொன்னா எங்களுக்கு விளங்காது. இவன் சொன்னா ஊருக்கே விளங்கும். இவனையே கட்டு."

கட்டினாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என் கையைக் குலுக்கி, "மாப்பிள்ளை ஒராளோ ரெண்டாளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கொஞ்சக் காலத்தில் மறந்துவிடுவார்கள் என்று நம்பினேன். கடவுள் விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில், ஒரே மாதிரிச் சுற்றிய இரண்டு பொட்டலங்களை என் இரண்டு கையிலும் மாமி வைத்தார். ஒரே மூக்கு, ஒரே வாய், ஒரே அழுகை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் விரலை உயர்த்தினார்.

"தம்பி, வடிவாப் பாருங்கோ. இது ரெண்டு வேலை செய்யிற ஒரு பிள்ளையில்லை. ரெண்டு பிள்ளை."

ரெஜி தையல் வலியோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மகள்மாருக்குத் தமிழில் அரைவாசி விளங்காது. ஆனால் இந்த வசனத்தை மட்டும் இரண்டு பேரும் மாமியின் குரலிலேயே, ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லுவார்கள்.