தாராளமாகப் பேசலாம்

"மனசுல பட்டதைத் தாராளமா சொல்லுங்க. இங்க யாரும் எதையும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு மேலாளர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். தையல் பிரிவு அம்மா தன் வளையலைப் பார்த்தார். கம்பி மாட்டுகிறவர் கூரையைப் பார்த்தார். விற்பனைக்காரர் மட்டும் மேலாளரையே பார்த்தார். ஆனால் அது கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிற பார்வை.

குடை செய்கிற கம்பெனி அது. முதலாளி எங்கேயோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது வினை. ஒவ்வொரு கிளையிலும் ஊழியர்கள் கூடி உட்கார்ந்து, பயமில்லாமல் விவாதித்து, புதுப்புது யோசனையாக அள்ளிவிட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அவரே நேரில் வந்து பார்ப்பாராம். எந்தக் கிளை வாயைத் திறக்கவில்லையோ, அந்தக் கிளையின் மேலாளருக்கு அன்று முதல் கிடங்கில் வேலை. நம்ம மேலாளருக்கோ தூசி என்றால் ஆகாது. கிடங்கை நினைத்தாலே தும்மல் வந்தது.

"ஒரே ஒரு யோசனை. சின்னதா இருந்தாலும் போதும்."

கம்பி மாட்டுகிறவர் தொண்டையைச் செருமினார். "அந்த ஜன்னலுக்கு ஒரு திரை போட்டா நல்லாருக்கும் சார். வெயில் கண்ணுல அடிக்குது."

"பிரமாதம்! நீங்களே கடைக்குப் போய்த் துணி எடுத்து, சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுங்க."

சாயங்காலம் அந்த மனிதர் ஏணியில் நின்று சுத்தியலால் விரலை நசுக்கிக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

மேலாளர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினார்.

"அவங்க பேச நீங்க எப்போ விட்டீங்க?" என்றாள் அவள். "யார் என்ன சொன்னாலும் 'அப்புறம் பார்ப்போம்'னு ஒரு பதில் வச்சிருக்கீங்க. சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்?"

"அதை அப்புறம் பார்ப்போம். இதுக்கு ஒரு வழி சொல்லு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "யார் என்ன சொன்னாலும் முடியாது, சரிவராதுன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடுங்க. தானா வாய் திறக்கும்."

மறுநாள் சட்டம் கரும்பலகையில் ஏறியது. விற்பனைக்காரருக்குக் குறும்பு தலைதூக்கியது.

"குடைக்கு நடுவுல ஒரு ஓட்டை வச்சா என்ன சார்? மேகத்தைப் பார்த்துக்கிட்டே நடக்கலாமே."

தையல் பிரிவு அம்மா வாயைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"எதிர்ப்பு இருக்கா? இல்லையே! அப்போ செஞ்சிடுவோம்" என்றார் மேலாளர். "யோசனை உங்களோடது. அதனால கடை கடையா நீங்களே எடுத்துட்டுப் போங்க."

கிண்டல் செய்யப் போய் மாட்டிக்கொண்ட விற்பனைக்காரர், ஒரு கட்டு ஓட்டைக் குடையோடு ஊரைச் சுற்றினார். முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று மேலாளரும் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். மழையும் அன்றைக்குப் பார்த்துத்தான் வந்தது. உச்சந்தலையில் மட்டும் நனைந்து வந்து நின்ற கணவனை மனைவி மேலும் கீழும் பார்த்தாள். துண்டை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் மேலாளர் கடைசி வழியைக் கையிலெடுத்தார். யார் என்ன பேச வேண்டும், யார் மறுக்க வேண்டும், எந்த இடத்தில் மேசையைத் தட்ட வேண்டும் என்று அவரே எழுதி ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

"மனசுல இருந்து பொங்கி வர்ற மாதிரி படிக்கணும். சொந்தமா ஒரு வார்த்தை சேர்த்தீங்க, தொலைஞ்சேன். முக்கியமா, வாத்தைப் பத்தி மூச்!"

வாத்து என்பது குடையின் கைப்பிடி. முதலாளி தன் கையால் வரைந்தது. கம்பெனியின் எல்லாக் குடைக்கும் அந்த வாத்துத் தலைதான். அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ, இதுவரை ஒருவரும் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். சிரித்த முகத்தோடு மேசையின் கோடியில் உட்கார்ந்து, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார். அவர் நெற்றியில் வேர்வையைக் கண்ட மேலாளர் பாய்ந்து போய் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். தாள்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு கம்பி மாட்டுகிறவர் எழுந்தார். "ஒரு அம்மாவா என் கருத்து என்னன்னா..."

விற்பனைக்காரர் குபீரென்று சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க!" என்று தையல் பிரிவு அம்மா சீறினார். "இதெல்லாம் வேண்டாம் சார்னு நேத்தே சொல்ல நினைச்சேன்."

"சொல்லியிருக்கலாமே!" என்றார் மேலாளர்.

"சொன்னா என் தலையில கட்டிடுவீங்களே! இவர் விரலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு. திரை கேட்டதுக்குக் கூலி!"

"நான் ஓட்டைக் குடையோட போனா கடைக்காரங்க எழுந்து நின்னு சிரிக்கிறாங்க" என்றார் விற்பனைக்காரர். "ஓட்டை இல்லாததும் விக்கல. ஏன் தெரியுமா? அந்த வாத்து!"

மேலாளர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினார். யார் பார்த்தார்கள்?

தையல் பிரிவு அம்மா விரல்களை அலகு போலக் குவித்து, திறந்து மூடி, பக்கத்து நாற்காலிக்காரரின் விலாவில் ஒரு குத்து குத்தினார். "பஸ்ல ஏறினா இப்படித்தான் குத்துது! போன வாரம் ஒருத்தரோட சட்டைப் பையையே கிழிச்சிடுச்சு. இதை வரைஞ்சவருக்குக் குடையும் தெரியாது, வாத்தும் தெரியாது!"

மேலாளர் தும்மினார். கிடங்குத் தூசி இப்போதே மூக்கில் ஏறிவிட்டது.

முதலாளி எழுந்தார். பலமாகக் கை தட்டினார்.

"இதுதான்! இதைத்தான் நான் கேட்டேன்! ஒருத்தர் முகத்துலயாவது பயம் இருக்கா? என்ன வேகம், என்ன ஈடுபாடு!" மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கிடங்குக்கு நான் வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மேலாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எவ்வளவு பெரிய மனசு!" என்றார் தையல் பிரிவு அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாமதான் இத்தனை வருஷமா வீணா பயந்து செத்தோம்" என்றார் கம்பி மாட்டுகிறவர்.

மேலாளருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கூட்டத்திலும் உண்மையை அவர் சொன்னதில்லை. இப்போது நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இனிமே இங்க யாரும் எதையும் முழுங்க வேண்டாம். உண்மையைச் சொன்னா ஒருத்தரும் தலையை வாங்கிட மாட்டாங்க. நானே சொல்றேன், அந்த வாத்தைப் பார்த்தா எனக்கும் பத்திக்கிட்டுத்தான் வரும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் குழாயைச் சரிசெய்துவிட வேண்டும் என்றுகூட மேலாளர் முடிவு செய்தார்.

அப்போது முதலாளியின் டிரைவர் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார்.

"ஐயா மறுபடி மேல வந்துட்டிருக்கார் சார். காது மிஷினை வண்டியிலேயே விட்டுட்டு வந்துட்டாராம், இப்போதான் மாட்டிவிட்டேன். அந்த அம்மா வாத்து மாதிரி கையை வச்சுக்கிட்டு ஏதோ ரொம்ப அழகா பேசினாங்களாமே, அதை முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லச் சொல்றார்."